டேப் ஓடுகிறது, கணக்கு இருக்கிறதா?

உங்கள் சொத்து எது என்று ஒரு வியாபாரியைக் கேட்டால் கடையைக் காட்டுவார். களஞ்சியத்தைக் காட்டுவார். வாசலில் நிற்கும் லொறியைக் காட்டுவார். கடன் கொப்பியைக் காட்டுகிறவர் குறைவு. ஆனால் கடனுக்குச் சாமான் கொடுத்து மாதக் கடைசியில் காசு வாங்கும் மொத்த வியாபாரிக்கு, அவருடைய முதலில் பெரும் பங்கு அந்தக் கொப்பிக்குள்ளேதான் கிடக்கின்றது. கொப்பி போனால் கொடுத்த சாமானும் போய்விட்டது, வரவேண்டிய காசும் போய்விட்டது.

இன்று அந்தக் கொப்பி கணனிக்குள் போய்விட்டது. கணனிக்குள் இருப்பதைப் பாதுகாக்க 'பேக்கப்' எடுக்கிறோம் என்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் டேப் எனப்படும் காந்த நாடாவில் எடுக்கின்றன. சிறிய கடைக்காரர்கள் பென் டிரைவில் எடுக்கிறார்கள். சிலர் இணையத்துக்கு அனுப்பி வைக்கிறார்கள். எடுத்ததைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? கணனி திருத்தும் தொழிலில் இருக்கும் இத்தனை வருடங்களாக நான் கடைகளில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே வருகிறேன். பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஒவ்வொரு நாளும் எடுக்கிறோம் தானே!" என்பதுதான். அது நான் கேட்ட கேள்விக்கான பதில் அல்ல.

ஒரே பிரதியின் விலை

யாழ்ப்பாண வியாபாரிக்கு இந்த விடயத்தின் பாரத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சிட்ட புத்தகமென்றால் வேறெங்காவது இன்னொரு பிரதியைத் தேடலாம். ஒரே பிரதியாக இருந்த ஓலைச் சுவடிகளுக்கு அந்த வழியும் இருக்கவில்லை.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி காலை யாழ் நகர முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒஸ்மானியா கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். வீடு, நகை, பணம் எல்லாம் போனது. அவற்றோடு கடைகளின் பேரேடுகளும் கடன் கொப்பிகளும் காணி உறுதிகளும் அங்கேயே நின்றுவிட்டன. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு, "பருத்தித்துறைக் கடைக்காரர் இவ்வளவு தரவேண்டும், சாவகச்சேரிக்காரர் இவ்வளவு தரவேண்டும்" என்று ஞாபகத்தில் எண்ணிப் பார்த்த வியாபாரிகளின் கதைகளை நம்மில் பலர் வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

நான் இங்கே சொல்லப்போகும் சம்பவம் அப்படிப்பட்ட ஒருவருடையது. அவர் பெயரும் கடையின் பெயரும் இங்கே தேவையில்லை. ஹாஜியார் என்றே வைத்துக்கொள்வோம்.

பச்சை விளக்கு

2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவந்து மீண்டும் கடை போட்டவர்களில் ஹாஜியாரும் ஒருவர். இரும்புச் சாமான், பெயின்ற், குழாய் மொத்த வியாபாரம். வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் வடமராட்சியிலும் தீவகத்திலும் உள்ள தமிழ்ச் சகோதரர்களின் சிறு கடைகள். குடும்பம் புத்தளத்திலேயே இருந்தது. இவர் மாதத்துக்கு ஒருமுறை போய் வருவார்.

1990இல் கொப்பியை இழந்தவர் என்பதால் இந்த முறை அதில் மிகவும் கவனமாக இருந்தார். கொழும்பிலிருந்து பழைய சர்வர் ஒன்றை வாங்கினார். அதில் ஸ்கோ யுனிக்ஸ் இயங்கியது. கணக்கு மென்பொருளைக் கொழும்புக் கம்பனியொன்று போட்டுக் கொடுத்தது. சர்வரோடு ஒரு டேப் டிரைவும் இருந்தது. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய கசட். திங்கள், செவ்வாய் என்று ஒவ்வொன்றிலும் நாளின் பெயர். இரவு கடை பூட்டுமுன் அன்றைய கசட்டைப் போட்டுவிட்டு வருவார்கள். காலையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். எடுத்துப் பெட்டிக்குள் வைப்பார்கள். ஒரு நாளும் தவறியதில்லை.

2005 நவம்பரில் சர்வரின் ஹாட் டிஸ்க் நின்றுபோனது. அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். புதிய டிஸ்க்கைப் போட்டு, யுனிக்ஸை ஏற்றி, முந்திய நாள் கசட்டைப் போட்டோம். ஸ்டொக் கணக்கு முழுதாக வந்தது. கடன் பேரேடு வரவில்லை. அடுத்த கசட், அதற்கடுத்த கசட், ஆறு கசட்டும் அப்படியே. எல்லாவற்றிலும் ஸ்டொக் மட்டும்தான் இருந்தது.

"தம்பி, பச்சை லைட் ஒவ்வொரு நாளும் எரிஞ்சதே!" என்றார் ஹாஜியார். அவர் குரலில் கோபம் இல்லை. இரண்டாவது தடவையும் இப்படி ஆகிவிட்டதே என்ற திகைப்புத்தான் இருந்தது.

என்ன நடந்தது?

யுனிக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒரு பெயரால் அழைத்தால், எழுதி முடிந்தவுடன் நாடா தானாகவே ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொள்ளும். மற்றப் பெயரால் அழைத்தால், எழுதி முடிந்த இடத்திலேயே நிற்கும். ஸ்கோ யுனிக்ஸில் முதலாவதன் பெயர் 'ஆர்.எஸ்.டி.பி.0', இரண்டாவதன் பெயர் 'என்.ஆர்.எஸ்.டி.பி.0'. லினக்ஸில் அவையே 'எஸ்.டி.0', 'என்.எஸ்.டி.0' ஆகும். முன்னால் நிற்கும் அந்த ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.

ஹாஜியாரின் கடையில் ஆரம்பத்தில் பேரேடு மட்டுமே இருந்தது. இரவில் ஓடும் கட்டளையும் ஒன்றுதான். அந்த வருட ஏப்ரலில் ஸ்டொக் பகுதியைப் புதிதாகச் சேர்த்தபோது, பேக்கப் கட்டளைக்குக் கீழே இன்னொரு கட்டளையையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டிலும் இருந்தது சுற்றிக்கொள்ளும் பெயர். ஆகவே பேரேட்டை எழுதியதும் நாடா ஆரம்பத்துக்குப் போனது. அதற்கு மேலேயே ஸ்டொக் எழுதப்பட்டது. ஸ்டொக் சிறியது, பேரேடு பெரியது. மிச்சப் பகுதியையாவது எடுக்கலாமே என்று தோன்றும். முடியாது. புதிதாக எழுதி முடிந்த இடத்தில் டிரைவ் 'இத்தோடு முடிந்தது' என்று ஓர் அடையாளம் இடும். அதற்கு அப்பால் சாதாரண டிரைவ் வாசிக்காது.

இதில் எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. எந்தக் கட்டளையும் பிழைச் செய்தி தரவில்லை. பச்சை விளக்குச் சொன்னது 'நான் எழுதினேன்' என்பதை மட்டுமே. எதை எழுதினேன் என்று அது சொல்லாது.

அல்லாஹ்வின் உதவியால் ஒரு வழி இருந்தது. மார்ச் 31ஆம் திகதி வருடக் கணக்கு முடித்த அன்று எடுத்த கசட்டை ஹாஜியார் புத்தளத்துக்குக் கொண்டுபோய் வீட்டு அலுமாரியில் வைத்திருந்தார். ஸ்டொக் பகுதி சேர்க்கப்படுவதற்கு முந்திய கசட் அது. அதைக் கொண்டுவந்து போட்டதும் மார்ச் வரையான பேரேடு முழுதாக வந்துவிட்டது. மிச்சம் எட்டு மாதம். அதற்குக் கடையில் இருந்த காபன் பிரதி பில் புத்தகங்களை எடுத்து, இரண்டு பொடியன்கள் மூன்று கிழமை இருந்து ஒவ்வொன்றாக அடித்தார்கள். காசு வாங்கிய பற்றுச்சீட்டுகளில் சில கிடைக்கவில்லை. அந்த இடங்களில் வாடிக்கையாளரின் வாயைத்தான் நம்பவேண்டியிருந்தது. பலர் தங்கள் கொப்பிகளோடு தாமாகவே வந்து கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். சிலர் வரவில்லை. எவ்வளவு நட்டம் என்று ஹாஜியார் யாருக்கும் சொல்லவில்லை.

டேப்பைச் சோதிக்கும் ஒழுங்கு

டேப் பழைய காலத்துச் சாமான் என்று நினைக்கவேண்டாம். கணனிக்கான டேப் டிரைவை ஐ.பி.எம். கம்பனி 1952இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. யுனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்தது. கோப்புகளைக் கட்டி டேப்பில் ஏற்றும் 'டார்' என்ற கட்டளை 1979இல் வந்த ஏழாவது பதிப்பில் சேர்ந்தது. பெயரின் பொருளே 'டேப் ஆவணம்' என்பதுதான். அதே கட்டளை இன்றும் லினக்ஸ் கணனிகளில் ஓடுகின்றது. 2000இல் வந்த முதலாவது எல்.டி.ஓ. கசட் 100 ஜிகாபைட் கொண்டது. 2021இல் வந்த ஒன்பதாவது தலைமுறை 18 டெராபைட் கொண்டது. உலகத்தின் பெரிய நிறுவனங்கள் பெருந்தொகைத் தரவுகளை இன்றும் டேப்பில் வைத்திருக்கின்றன.

ஆகவே டேப் வைத்திருப்பவர்கள், அல்லது பழைய சர்வரோடு ஒன்றை வாங்கியவர்கள், பேக்கப் பிழைத்தால் கீழே சொல்லும் ஒழுங்கில் பாருங்கள். கையில் அகப்பட்டதை எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பிழை என்று கடைசிவரை தெரியாது.

முதலாவது, கணனி டிரைவைக் காண்கிறதா என்று பாருங்கள். கணனி எழும்பும்போது திரையில் ஓடும் செய்திகளில் டேப் டிரைவின் பெயர் வரவேண்டும். வராவிட்டால் மென்பொருளைத் தொடாதீர்கள். மின்சாரம், கேபிள், முனை ஆகியவற்றைப் பாருங்கள். பழைய ஸ்கஸி வகை டிரைவென்றால் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி இலக்கம் இருக்கவேண்டும். கேபிளின் கடைசி முனையில் 'டேர்மினேட்டர்' இருக்கவேண்டும். இந்த இரண்டில் ஒன்று பிழைத்தாலும் டிரைவ் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் மறுக்கும். அதை டிரைவின் பழுது என்று நினைத்துப் புதிதாக வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, 'எம்.டி.' என்ற கட்டளையால் நிலைமையைக் கேளுங்கள். கசட் உள்ளே இருக்கிறதா, எழுத அனுமதி இருக்கிறதா, நாடா எந்த இடத்தில் நிற்கிறது என்று அது சொல்லும். எழுத மறுத்தால் முதலில் கசட்டின் ஓரத்திலுள்ள சின்னத் தடுப்பைப் பாருங்கள். பழைய பாட்டுக் கசட்டில் அழிக்காமல் இருக்கத் துண்டை உடைப்போமே, அதுபோன்றதொன்றுதான் இது. விரலால் தள்ளினால் சரி. 'டிரைவ் வேலையாக இருக்கிறது' என்று செய்தி வந்தால், நேற்று இரவு தொடங்கிய பேக்கப் இன்னும் முடியாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, துப்புரவு. வாசிப்புப் பிழை, எழுத்துப் பிழை என்று அடிக்கடி வந்தால் துப்புரவுக் கசட்டைப் போடுங்கள். சிறிய கசட் டிரைவுகளுக்கு ஏறத்தாழ 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை துப்புரவு வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் அறிவுரை. குருநகர், பருத்தித்துறை, ஊர்காவற்றுறை போன்ற கடலோர இடங்களில் உப்புக் காற்று, கடைவீதியில் புழுதி. இங்கே இன்னும் கூடுதலாகவே வேண்டும். துப்புரவு செய்த பிறகும் ஒரே கசட்டில் மட்டும் பிழை வந்தால் கசட்டை எறியுங்கள். எல்லாக் கசட்டிலும் வந்தால் டிரைவைச் சந்தேகியுங்கள்.

நான்காவது, இடம் போதுமா என்பது. கசட்டின் மேல் 24 ஜிகாபைட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது சுருக்கி எழுதினால் கொள்ளும் அளவு. டி.டி.எஸ். மூன்றாம் வகைக் கசட்டின் உண்மைக் கொள்ளளவு 12 ஜிகாபைட்தான். படங்களும் ஏற்கனவே சுருக்கிய கோப்புகளும் மேலும் சுருங்காது. வியாபாரம் வளர வளரக் கணக்கும் வளரும். ஒரு நாள் நள்ளிரவில் கசட் நிரம்பிவிடும். 'அடுத்த கசட்டைப் போடுங்கள்' என்று கணனி கேட்கும். கடையில் யாரும் இல்லை. காலையில் பொடியன் வந்து கசட்டை வெளியே எடுத்துப் பெட்டிக்குள் வைப்பான். பாதிக் கணக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

ஐந்தாவது, எழுதிய அளவும் வாசிக்கும் அளவும் ஒத்திருக்கவேண்டும். யுனிக்ஸ் டேப்பில் தரவை மூடை மூடையாகக் கட்டி எழுதும். ஒரு கணனியில் ஒரு மூடை அளவில் எழுதியதை, வேறு அளவுக்கு அமைத்த கணனியில் வாசித்தால் பிழைச் செய்தி வரும். கசட் கெட்டுவிட்டது என்று பயந்து எறியாதீர்கள். அளவை மாற்றி வாசித்துப் பாருங்கள். எந்த அளவில் எழுதினீர்கள் என்பதைக் கசட்டின் லேபிளிலேயே எழுதி வையுங்கள்.

ஆறாவது, எதை எழுதுகிறது என்று பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் எழுதிய பட்டியல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இடையில் புதிய கிளைக் கடையின் கணக்கை வேறொரு இடத்தில் போட்டிருப்பார்கள். அது பட்டியலில் இருக்காது. இரவில் யாராவது பில் அடித்துக்கொண்டிருக்கும்போது பேக்கப் ஓடினால், அரைகுறையான கோப்புத்தான் கசட்டுக்குள் போகும். ஆகவே எல்லோரும் வெளியேறிய பிறகே ஓடவிடுங்கள்.

ஏழாவது, திரும்ப எடுத்துப் பாருங்கள். மற்ற ஆறையும் செய்துவிட்டு இதை விட்டால் பயனில்லை. ஒரு கசட்டைப் போட்டு அதிலுள்ள பெயர்ப் பட்டியலை வாசியுங்கள். பிறகு ஒரு கோப்பை வேறொரு இடத்தில் இறக்கித் திறந்து பாருங்கள். வேறொரு இடத்தில் என்பதைக் கவனியுங்கள். பழைய 'டார்' கட்டளை, முழு முகவரியோடு எழுதிய கோப்பைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைக்கும். இன்றைய கணக்கின் மேல் போன கிழமைக் கணக்கு ஏறிவிடும். முடிந்தால் வேறொரு டிரைவிலும் வாசித்துப் பாருங்கள். தலைப்பகுதி சற்று விலகிய டிரைவ், தான் எழுதியதைத் தானே நன்றாக வாசிக்கும். அந்த டிரைவ் செத்த பிறகு அந்தக் கசட்டுகளை வேறெந்த டிரைவும் வாசிக்காது.

பழைய கசட்டை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கசட் மட்டும் போதாது, அதை வாசிக்கும் டிரைவும் வேண்டும். எல்.டி.ஓ. எட்டாம் தலைமுறை டிரைவ் ஏழாம் தலைமுறைக் கசட்டை வாசிக்கும், ஆறாம் தலைமுறையை வாசிக்காது. டிரைவை மாற்றுமுன் பழையதைப் புதியதற்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கும் நடந்தது

இது சிறு கடைக்காரரின் பிரச்சினை மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் பிக்ஸார் கம்பனி 1998இல் 'டோய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் இட்ட அழிக்கும் கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி மறைந்துபோனது. டேப் பேக்கப்பை எடுத்துப் பார்த்தார்கள். அது ஒழுங்காக எழுதப்படாமலேயே இருந்தது. குழந்தை பிறந்த காரணத்தால் வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு பெண் அதிகாரியின் வீட்டுக் கணனியில் இன்னொரு பிரதி இருந்தது. அதைப் போர்வைக்குள் சுற்றி, காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். புத்தளத்து அலுமாரி செய்த வேலையை அங்கே அந்த வீட்டுக் கணனி செய்தது.

கூகுள் கம்பனிக்கு 2011 பெப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் சிலருடைய ஜிமெயில் கடிதங்கள் அழிந்தன. வேறு வேறு நிலையங்களில் இருந்த பிரதிகளையும் அந்தப் பிழை பாதித்தது. கணனி வலையோடு தொடர்பில்லாமல் டேப்பில் இருந்தவை மட்டும் தப்பின. அவற்றிலிருந்தே கடிதங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நமது நாட்டில் 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி லங்கா அரசாங்க கிளவுட் மீது பணயத் தாக்குதல் நடந்தது. அரசாங்க அலுவலகங்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் போய்விட்டன. ஒன்லைனில் இருந்த பேக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. அந்தக் காலத்துக்கு வெளியே எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. எந்நேரமும் கணனியோடு மாட்டியிருக்கும் பேக்கப், கள்வன் வந்தால் கணனியோடு சேர்ந்தே போய்விடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பென் டிரைவ்காரருக்கும் இதேதான்

"என்னிடம் டேப் இல்லை, சின்னக் கணனியும் பென் டிரைவும்தான்" என்று சொல்லும் சகோதரர்களே, மேலே சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை உங்களுக்கும் பொருந்தும். பென் டிரைவ் நிரம்பினால் பாதிதான் ஏறும். புதிய கணக்குக் கோப்பு பட்டியலில் இல்லாவிட்டால் ஏறாது. ஒரே பென் டிரைவில் நேற்றையதன் மேல் இன்றையதை எழுதினால், இன்றையது கெட்டிருந்தால் நேற்றையதும் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் பென் டிரைவும் கெடும், ஹாட் டிஸ்க்கும் கெடும். சர்வருக்கு யு.பி.எஸ். வாங்குவதை வீண் செலவாகக் கருதவேண்டாம்.

பிரதியை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கணனி மேசை லாச்சிக்குள் வைத்த பிரதி, தீப்பிடித்தால் கணனியோடு எரியும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையை அடித்தபோதும், 2008 நவம்பரில் நிஷா புயலின் வெள்ளம் குடாநாட்டை மூடியபோதும், ஒரே கட்டடத்துக்குள் இருந்த பொருட்களைத் தண்ணீர் பிரித்துப் பார்க்கவில்லை. தொழிலறிந்தவர்கள் மூன்று, இரண்டு, ஒன்று என்பார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில். யாழ்ப்பாணத்தில் கடையும் புத்தளத்திலோ கொழும்பிலோ வீடும் உள்ள நமது வியாபாரிகளுக்கு அந்த மூன்றாவது இடம் சும்மா கிடைத்திருக்கிறது. பயன்படுத்துங்கள். பிரதிக்குக் கடவுச்சொல் போட்டு வையுங்கள். வாடிக்கையாளரின் கணக்கு அவருடைய இரகசியமும்கூட.

சட்டமும் மார்க்கமும்

கணக்கு இல்லாவிட்டால் வழக்கும் இல்லை. நமது நாட்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, கடைப் பில் கடனுக்கும் கொடுத்த சாமானுக்கும் ஒரு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். எழுத்தில் செய்த உடன்படிக்கையென்றால் ஆறு வருடம். எட்டு மாதக் கணக்கைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு வருடம் எவ்வளவு விரைவாகக் கழியும் என்று யோசியுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் கணனிப் பதிவுகளை ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொள்ள அந்தப் பதிவு கையில் இருக்கவேண்டுமே! உங்கள் விடயத்தில் எந்தக் காலம் பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் சூரா பகராவின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியே அது பேசுகிறது. தொகை சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படைய வேண்டாம் என்று அது அறிவுறுத்துகிறது. எழுதியது தொலைந்துபோனால் எழுதிய பயன் கிடைக்காது. கொடுத்தவரின் உரிமை மட்டுமன்றி, காசைத் திருப்பிக் கொடுத்துவிட்ட வாடிக்கையாளரின் உரிமையும் அந்தப் பதிவுக்குள்தான் இருக்கிறது. அவர் கட்டியதற்கான பதிவைத் தொலைத்துவிட்டு அவரிடமே மறுபடி கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம்! ஸகாத் கணக்குப் பார்க்கும்போதும் வரவேண்டிய கடன் எவ்வளவு என்று தெரியவேண்டும்.

இந்தக் கிழமை செய்யவேண்டியது

வியாழன் இரவு கடை பூட்டிய பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆறு மாதத்துக்கு முந்திய ஒரு பில் புத்தகத்தை எடுங்கள். அதில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பில்லைத் தெரிவு செய்யுங்கள். கணனியைத் தொடாமல், உங்கள் பேக்கப்பிலிருந்து மட்டும் அந்தப் பில்லைத் திரையில் கொண்டுவரச் சொல்லுங்கள். கடைப் பொடியனால் முடியாவிட்டால் மென்பொருள் போட்ட கம்பனியைக் கூப்பிடுங்கள். பில் வந்தால், திகதியையும் தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்து, கசட்டின் அல்லது பென் டிரைவின் மேல் 'இன்ன திகதி சோதித்தது' என்று எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதையே செய்யுங்கள். கணக்கு மென்பொருளில் எந்த மாற்றம் செய்தாலும் மறுநாளே செய்யுங்கள்.

இதைச் செய்யும் முறையையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். முதலாளி வைத்தியசாலையில் இருக்கும்போது கணக்கைத் திறக்கத் தெரியாமல் பிள்ளைகள் நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பில் வராவிட்டால் கவலைப்படாதீர்கள். உங்கள் ஹாட் டிஸ்க் இன்னும் உயிரோடு இருக்கிறது; திருத்துவதற்கு நேரம் இருக்கிறது. ஹாஜியாருக்குக் கிடைக்காதது அந்த நேரம்தான்.